எத்திராஜின் ஆட்சேபணை

பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி மேல் புகார் எழுதிக் கொடுத்தது எத்திராஜ்தான். அதை அவன் மறைக்கவில்லை. கீழே தன் பெயரையும் கதவு எண்ணையும் போட்டே கொடுத்தான்.

மேனாம்பேட்டில் அவன் குடிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் ஒன்பது மணிக்கெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் டங் டங்கென்று ஆரம்பித்துவிடும். தான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால், சாமுண்டீஸ்வரி தகடு வெட்டும் பழைய பிரஸ் ஒன்றை வாங்கி, மோட்டார் மாட்டி, முன் அறையிலேயே இரும்பு வாஷர் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் ஏதோ ஒரு மிஷின் ஓடியது. ஆனால் முறையாக நகராட்சி லைசென்சுக்கு எழுதிப் போட்டவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. தூக்கமில்லாத எரிச்சலில் எத்திராஜ் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளினான்.

நாலு நாள் கழித்து அவள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

"அண்ணே, உங்களுக்கு ராத்திரி ஷிப்ட்டுன்னு தெரியாமப் போச்சு. மின்னாடியே சொல்லிக்கலாமே?"

"சொன்னா நிறுத்திடுவியாம்மா?"

"நிறுத்த முடியாதுண்ணே, அதான் பொழப்பு. ஆனா எதுனா வழி பாத்திருப்பேன். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. நீங்களும் இருங்க."

வந்த இன்ஸ்பெக்டர் இளகிய மனசுக்காரர். "லேசான தகடா போட்டு ஓட்டும்மா, கேட்டுட்டு எழுதிக்கறேன்" என்றார்.

"வேணாம் சார். நான் தெனம் வெட்றது தடி தகடு. அதையே போட்றேன். அண்ணன் படுக்கிற எடத்துல போய் நின்னு கேளுங்க."

கணவன் கன்னியப்பனை மிஷினில் நிறுத்திவிட்டு அவளும் கூடவே வந்தாள். சுவர் அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய காலண்டர் ஆடியது. அவள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இதுல மனுசன் எப்டி சார் தூங்குவான்? இப்ப ஓகேன்னு எழுதாதீங்க. பத்து நாள் டயம் குடுங்க."

எத்திராஜ் வேலை பார்த்த கம்பெனிகளில் சோதனைக்கு ஆள் வந்தால் பழுதான மிஷினைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்களைத்தான் இத்தனை வருஷமாக அவன் பார்த்திருந்தான். அவனே மூடியும் இருக்கிறான்.

மறுநாளே மிஷினுக்கு இடம் பண்ண அவர்கள் பின்கட்டுச் சமையலறையைக் காலி செய்தார்கள். அதை ஒட்டி இருந்தது ஆளில்லாத வெறும் மனை. அடுப்பு முன் அறைக்கு வந்தது. தரையைத் தோண்டிக் காங்கிரீட் போட்டு, அதன்மேல் லாரி டயரை வெட்டிப் பரப்பினார்கள். பிரஸ்ஸைத் தூக்கும் அன்று கன்னியப்பன் இரண்டு பேரோடு திணறுவதைப் பார்த்து, எத்திராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தோள் கொடுத்தான். போல்ட்டுகளை அவனே இறுக்கினான்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். அதே தடி தகடு. எங்கோ நாலு வீடு தள்ளிக் கதவு தட்டுகிற மாதிரிதான் கேட்டது. எத்திராஜ் காகிதத்தை வாங்கி, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினான். பேனாவைத் திருப்பித் தராமல் கீழே இன்னொரு வரியும் எழுதினான்: 'இந்த அம்மாவுக்கு அவசியம் லைசென்ஸ் கொடுக்க வேண்டும்.'

"இதெல்லாம் கேக்கலியேப்பா" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"இருக்கட்டும் சார்."

அடுத்த மாதம் லைசென்ஸ் வந்தது. பிறகு அந்தத் தெருவில் மோட்டார் வைக்க நினைத்தவர்கள் எல்லாம் விவரம் கேட்க அவளிடம்தான் வந்தார்கள். விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவள் கேட்பது ஒன்றுதான்: "பக்கத்து ஊட்ல யாரு கீறாங்க? அவங்க எப்போ தூங்குவாங்க?"