சத்தம் போடும் தரை

கொடைக்கானல் மலையில், அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு சிமெண்ட் தரையில் வெறுங்காலை வைத்தால், குளிர் உள்ளங்காலில் ஏறி உச்சந்தலை வழியாக வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சளி பிடிக்கும். நான் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் என் மனைவி உம்மு ஹபீபா கேட்பாள். இந்த ஒன்றில் மட்டும் அவள் எதையும் தள்ளியதில்லை.

வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். மலைப்பாதையில் என் ஹாரனைக் கேட்டு யானைகள் ஒதுங்கி நின்று சலாம் வைத்திருக்கின்றன. டம்டம் பாறை வளைவில் குரங்குகள் சரியான சில்லறையோடு டிக்கெட் கேட்டிருக்கின்றன. இதைச் சொன்னால் ஹபீபா, "யானைக்கு அன்னைக்கு வேற சோலி இல்ல போல" என்பாள்.

போன வருஷம் சர்க்கரை அவள் கண்ணை எடுத்துக்கொண்டது. அவள் அழவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. சிமெண்ட் தரையில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒரு சத்தமும் கேட்காது. ஒரு நாள் பக்கத்து வீட்டு மகாராணி கீரைக் கிண்ணத்தோடு உள்ளே வந்து அவள் தோளைத் தொட்டாள். ஹபீபா அலறிய அலறலில் கிண்ணம் விழுந்தது. அன்று பொழுது சாயும்வரை அவள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே.

"முந்தி மிஷன் வீட்டுல குடியிருந்தோமே, பலகைத் தரை," என்றாள். "நீங்க வாசல்ல காலை வச்சாலே தெரியும். இங்க எல்லாரும் ஆவி மாதிரில்ல வாறாங்க."

எங்கள் மகன் அஸீம் கோயம்புத்தூரில், மூன்றாவது மாடியில் இருக்கிறான். "அத்தா, உங்களால அம்மாவைப் பாத்துக்க முடியிற வரைக்கும் அங்க இருங்க. முடியலன்னா ஒரு வார்த்தை, வண்டியோட வந்துருவேன்" என்று சொல்லியிருந்தான். ஹபீபாவும் அதற்குச் சரி என்றிருந்தாள். ஆனால் போக அவளுக்கு மனமில்லை. இந்த வீட்டில் அடுப்பும் அஞ்சறைப் பெட்டியும் அவள் கைக்குத் தெரியும். "அங்க போனா இன்னொரு தடவ கண்ணை எழக்கணும்ங்க" என்பாள்.

இதற்கு நடுவில்தான் மதுரை டாக்டர் என் இடது காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, இது திரும்பாது, ஏறிக்கொண்டேதான் போகும் என்றார். பணிக்காலம் முழுக்கக் கிளட்ச் மிதித்த கால். இப்போது அதை நான் இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஹபீபாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளே அஸீமைக் கூப்பிட்டுவிடுவாள். அவளுக்குக் கண் கிடையாது, சிமெண்டுக்கு வாய் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் என் கால் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தது.

இவ்வளவு யோசித்தவன், அவளைச் சந்தோஷப்படுத்தும் அவசரத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. அவளுக்கு ஒரு பலகைத் தரை போட்டுவிடலாம் என்று சோலைமலையைக் கூப்பிட்டேன். ரிசார்ட்டுகளுக்கெல்லாம் மரத்தரை போடுகிறவர். வந்தவர் ஒரு துண்டு பிளாஸ்டிக்கைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து பிரித்துக் காட்டினார். அடியில் முத்து முத்தாக நீர்.

"பாய், உங்க தரை அழுவுது."

"கொடைக்கானல்ல எந்தத் தரைங்க சிரிக்குது?"

"அதனால சிமெண்ட்ல ஆணி அடிக்கக் கூடாது. முழுசா பிளாஸ்டிக் விரிச்சு, அதுமேல பிளைவுட்டைச் சும்மா பரப்புறோம். அதுக்குமேல குறுக்குவாட்டுல இன்னொரு அடுக்கு. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சின்ன ஸ்க்ரூவால பிடிச்சுருவோம். அப்புறம் மேல மரப்பலகை. சுவத்தோரம் ஒரு வெரல் எடம் விடணும், மழைக்கு ஊதும்ல? மத்தபடி உங்க வீட்டுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மெதந்துக்கிட்டு கெடக்கும். வேண்டாம்னா கழட்டி எடுத்துட்டுப் போயிறலாம்."

பிளாஸ்டிக் விரித்த அன்று, கூடவே தடியாக ஒரு ஃபோம் சுருளும் கொண்டுவந்தார்.

"இது எதுக்கு?"

"இது இல்லன்னா நடந்தா டொம்மு டொம்முன்னு கேக்கும் பாய்."

"எனக்கு டொம்முதான் வேணும்."

அவர் சுருளைக் கீழே வைத்தார். "இந்த மலையில சத்தம் வேணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"எறும்பு நடந்தாக்கூட அது ஆணா பொண்ணான்னு எம் பொண்டாட்டிக்குத் தெரியணும்."

வேலை நடந்த நாட்களில் ஹபீபா மகாராணி வீட்டில் இருந்தாள். முடிந்த அன்று நான்தான் முதலில் ஏறி நடந்தேன். டொம். அதன் பின்னால் ஒரு சர்ர்ர். மறுபடி டொம். மறுபடி சர்ர்ர்.

மூலையில் கடைசிச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்த சோலைமலை நிமிர்ந்து என் காலைப் பார்த்தார்.

"கால்ல என்ன பாய்?"

"கிளட்ச் தேஞ்சுபோச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் ஜன்னல் வழியாக மகாராணி வீட்டுப் பக்கம் பார்த்தேன். அவரே சொன்னார். "ஒண்ணும் கெட்டுப்போகல. மேல கெட்டியா ஒரு கார்ப்பெட் போட்டுட்டா சத்தம் அடங்கிரும்."

சுவரில் ஒட்டியிருந்த அவள் முதுகு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன். அதற்குப் பதில், முழங்காலை இடுப்புவரை தூக்கி, சுதந்திர தின அணிவகுப்புப் போல நடந்து பார்த்தேன்.

"இப்ப எப்படி?"

"ஒட்டகம் மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ள ஒட்டகம் வந்தா அம்மா கேக்க மாட்டாங்களா?"

இருந்தாலும் பழகிப் பழகி அதை ஓரளவு மனிதநடையாக்கிவிட்டேன். சோலைமலை கிளம்பிப் போனதும் ஹபீபாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தேன். கூடவே மகாராணியும் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு இன்னொரு தட்டு. முகம் மலர்ந்துவிட்டது. "மகாராணி, அந்தக் கோடிக்குப் போய் வாங்க" என்றாள். மகாராணி நடந்தாள். "இப்பத் திரும்புறீங்க. இப்ப ஜன்னல்கிட்ட நிக்கிறீங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகாராணி வீட்டுக்குப் போன பிறகு, சுவரைத் தேடாமல், அறைக்கு நட்டநடுவில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"டீ போட்டு வெரசா கொண்டாங்க. இன்னைக்கு இங்கதான்."

இரண்டு கைகளிலும் சுடச்சுட டம்ளர். அதோடு அணிவகுப்பு நடக்க முடியவில்லை. கால் தன் இஷ்டத்துக்கு வந்தது. டொம். சர்ர்ர்.

ஹபீபா தலையைத் தூக்கினாள். "கூட யாருங்க வாறது?"

"சோலைமலை," என்றேன். வாய் முந்திக்கொண்டது. "திருப்புளியை வச்சுட்டுப் போயிட்டாராம்."

"அப்ப அவருக்கும் டீ குடுங்க. உக்காருங்க சோலைமலை."

யாரும் உட்காரவில்லை. தரையும் பேசவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டு, "ரெண்டு எட்டு வாங்க" என்றாள்.

வந்தேன்.

"முன்னால வாறது நீங்க. பின்னால இழுத்துக்கிட்டு வாறாரே, அவரு யாரு?"

யானையைச் சலாம் வைக்கவைத்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு கதையும் கிடைக்கவில்லை.

"அவரும் நாந்தான் ஹபீபா."

"எப்பயிருந்து?"

"நோம்புக்கு முந்தியே."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் விரல்கள் பலகையின் இணைப்பைத் தடவின.

"நீங்க சொல்றதுல எப்பவும் பாதியத் தள்ளிருவேன். இதுல எவ்வளவு தள்ளலாம்?"

"ஒண்ணும் தள்ள முடியாது."

டீயை வாங்கிக் குடித்து முடித்தாள். "அஸீமுக்குப் போன் போடுங்க" என்றாள்.

"இப்பத்தானே தரை போட்டிருக்கோம்."

"நீங்க விழுந்தா என்னால தூக்க முடியுமா? எங்க விழுந்து கெடக்கீங்கன்னு தேடவாச்சும் முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே அஸீம் வண்டியோடு வந்தான். ஹபீபா வரச்சொல்லி சோலைமலையும் வந்திருந்தார். தரையைக் கழற்றி ஏற்றுகிறார்கள் என்றதும் அஸீம் தலையில் கைவைத்தான்.

"அம்மா, அங்க டைல்ஸ் கெடக்கு. இது எதுக்கு? கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்."

"வரட்டும். உங்க அத்தா காலு எப்ப எவ்வளவு மாறுதுன்னு அவரு வாயில வராது. எனக்குக் கேக்கணும்."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பலகைகளையும் பிளைவுட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுமந்தார்கள். பிளாஸ்டிக்கைச் சுருட்டச் சுருட்ட அடியில் சிமெண்ட் நனைந்து கிடந்தது. கடைசியில் ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தரை மிச்சமிருந்தது. சோலைமலை குனிந்தபோது ஹபீபா, "இருங்க" என்றாள். என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அந்தத் துண்டுத் தரையில் எவ்வளவு நடந்துவிட முடியும். போனேன், வந்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நேத்து இருந்தாப்பலதான் இருக்கு," என்றாள்.

நான் கீழே இறங்கினேன். சோலைமலை திருப்புளியை எடுத்தார்.