எண்ணெய் குடித்த மண்

எண்ணெய் குடித்த மண்ணுக்குப் பொறுமை கிடையாது. ஆலையில் சமையல் எண்ணெயைச் சுத்திகரிக்க அதற்குள் கொட்டும் வரை அது வெளுத்த, சாதுவான மண்மாவு. எண்ணெயின் அழுக்கையும் நிறத்தையும் உறிஞ்சிக் கறுத்து வெளியே வந்தபின், காற்றுப் பட்டாலே சூடேறும். குவித்து வைத்தால் வயிற்றுக்குள் நெருப்பு வளர்க்கும். மைசூருக்கு வெளியே, நஞ்சன்கூடு சாலையோரக் கொட்டகை ஒன்றில் அந்தக் கறுத்த மண்ணைச் சூளையில் வறுத்து மறுபடியும் வெளுத்த மண்ணாக்கி ஆலைக்கு அனுப்புவதுதான் கணேசனின் வேலை. வந்திறங்கும் மண்ணைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் விடாமல் பரப்பித் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

முந்தின நாள் கணேசன் கிளம்பியபின் மண் கொண்டுவந்த லாரிக்காரன் கெம்பையன் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தன் ஊரான ஹனூரின் களத்தில் மக்காச்சோளத்தை மழையிலிருந்து காப்பதுபோல மண்ணை ஆளுயரம் குவித்து, லாரித் தார்ப்பாயால் இறுக மூடிவிட்டுப் போனான். வீட்டுக்குப் போய் மனைவி சித்தம்மாவின் தாடையை உடைத்தான். சித்தம்மா கணேசனின் அக்கா.

காலையில் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில், கம்பி கட்டிய பற்களுக்கிடையே அவள் பேசினாள். "அவன் மேல கை வெச்சிராதடா. நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு வேற யாரு இருக்காங்க?"

வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கணேசன் வேலைக்கு வந்தான். வந்ததும் குவியலைப் பார்த்தான். தார்ப்பாயின் ஓரம் சுருண்டிருந்தது. அங்கே வெளித்தெரிந்த மண்ணில் கீறல்கள், அவற்றின் வழியே மெல்லிய புகை. கருகிய எண்ணெயின் நெடி தொண்டையைக் கீறியது. அவன் தண்ணீர்க் குழாயை எடுக்கப் போனபோது லாரி உள்ளே நுழைந்தது.

"என்ன மாப்ள, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே? ஒங்கொக்கா எல்லாஞ் சொல்லிட்டாளா?" கெம்பையன் குதித்து இறங்கினான்.

"தாடைய ஒடச்சுப் போட்டிருக்கறீங்க, மாமா."

"வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. கம்பி கட்டிட்டாங்களாமே? ஒரு மாசம் வீடு நிம்மதியா இருக்கும், குரு!" மைசூர் வாலிபர்கள் நண்பனை அழைக்கும் அந்தக் 'குரு'வைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.

கணேசனின் விரல்கள் மடங்கின. வாக்கு நினைவுக்கு வர, பிரிந்தன. அதைப் பயம் என்று கெம்பையன் எடுத்துக்கொண்டான். முதலில் அறைந்தான். பிறகு ஜாக்கிக் கம்பியை எடுத்துத் தோளில் இறக்கினான். விழுந்தவனின் விலாவில் உதைத்தான். கணேசனின் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் தரையில் விழுந்தது.

"திருப்பி அடிடா! அக்காளுக்காக நாலு அடி அடிக்க வக்கில்லயா? தூ!" என்றவன் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். "என்ற தார்ப்பாய் எங்கடா? ஓ, அங்கயே கெடக்குதா!"

கீறல்களில் கசிந்த புகையைக் கவனிக்காமல் அவன் குவியலை நோக்கி நடந்தான்.

ஏறாதீங்க என்ற ஒரு சொல் போதும். கணேசனின் நாக்கு அசையவில்லை. நான் கை வைக்கவில்லை, வாக்குத் தவறவில்லை என்று அவன் மனம் வழக்காடியது. கெம்பையன் ஏறினான். உச்சியில் நின்று தார்ப்பாயைப் பற்றி இழுத்தான்.

மண்ணின் தோல் உடைந்தது. தொடை வரை உள்ளே போனான். தார்ப்பாய் விலகிய இடத்தில் காற்றுப் புக, பதுங்கியிருந்த நெருப்பு உறுமிக்கொண்டு எழுந்தது. அவன் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. பற்றி ஏற மண்ணைக் கையால் பறித்தான். பறித்த இடமெல்லாம் தீ வாய் திறந்தது. தோல் வேகும் நாற்றம் பரவியது.

"மாப்ளே! செத்தேன்டா, மாப்ளே!"

கணேசன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி அவனுக்கு இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்பே அவனைத் திடுக்கிட வைத்தது. கை வைக்காமலும் ஒருவனைக் கொல்லலாம் என்பது அக்காவுக்குத் தோன்றவில்லை. தனக்குத் தோன்றிவிட்டது. இதை மறைத்துக்கொண்டு நாளை எந்த முகத்தோடு அந்தக் கட்டிலருகே உட்காருவது?

"பசவராஜ்! வெள்ள மண்ணு கொண்டா!" என்று, அலறல் கேட்டுச் சூளைப் பக்கமிருந்து எட்டிப்பார்த்த கூட்டாளியை அழைத்தபடி எழுந்து ஓடினான். வறுத்த மண்ணில் எரிவதற்கு மிச்சம் ஏதுமில்லை. அள்ளி வீசிய இடங்களில் நெருப்பு மூச்சுத் திணறியது. பசவராஜ் மண்வெட்டியால் வாரி வாரி இறைக்க, கணேசன் இரு கைகளையும் தீக்குள் விட்டுக் கெம்பையனின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் கணேசனின் உள்ளங்கைத் தோலும் உரிந்தது.

தரையில் கிடந்த கெம்பையன் பல் கிட்டிப்போய்க் கேட்டான். "உனக்கு... தெரியுமா? உள்ள நெருப்பு இருக்குதுன்னு?"

"தெரியும்."

பசவராஜின் மண்வெட்டி பாதியில் நின்றது.

"தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன், மாமா. போலீஸ் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

பசவராஜ் கெம்பையனைத் தூக்கி லாரியில் கிடத்தினான். பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாமா என்று கேட்டான்.

"அங்க வேண்டாம்." கணேசன் உரிந்த கைகளை மார்போடு அணைத்துக்கொண்டான். "வேற எங்கயாச்சும் கொண்டுபோ. அங்க எங்கக்கா இருக்கறா. இவன் சத்தம் அவ காதுல விழக் கூடாது."