சூடு ஆறும் வரை

ஆற வேண்டுமாம், உடம்பு ஆற வேண்டுமாம், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த குழம்புச் சட்டியா இது, சொன்னதும் ஆறிப்போவதற்கு... சந்திரவல்லி ரவிக்கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றியபடி எஸ்டேட் ஆபீசின் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள், கை அக்குளில் ஒட்டக் கூடாதாம், ஒட்டினால் அந்தச் சூடும் படத்தில் விழுமாம், அதனால் கால் மணி நேரம் இப்படியே இருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, உடம்புச் சூட்டைக் கேமராவில் படம் எடுக்க வந்திருக்கும் பெண் அனுப்பிரியா திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள், பார்க்கிறவர்களுக்குச் சண்டைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆமாம், சண்டைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறாள். திறந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து தோளில் படிந்தது, ஏலத்தோட்டத்துக் குளிர், காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறும்போதே பல் கிட்டிக்கும், அப்படியும் உடம்பு ஆறவில்லை, எப்படி ஆறும்? இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குச் சற்றுக் கீழே, அது இருக்கிறது, ஆடி மாதம் குளிக்கும்போது சோப்பு வழுக்கிய விரலில் தட்டுப்பட்டது, வலியில்லை, வலித்திருந்தாலாவது யாரிடமாவது முனகலாம், வலிக்காத ஒன்றை எப்படி எடுத்துச் சொல்வது.

சொல்லாமலும் இல்லை, ஊர் நர்சம்மா குருவம்மாளிடம் சொன்னாள், அந்த அம்மா வாசலில் நின்றபடியே, "கைக்குத் தட்டுப்படுதுன்னா டாக்டர் பாத்தே ஆகணும் ஆத்தா, மார்புல எக்ஸ்ரே எடுப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க, தேவைப்பட்டா ஊசி வச்சு எடுத்துப் பாப்பாங்க, வெரசா போயிரு" என்றாள், எஸ்டேட்டில் சூட்டுப்படம் எடுத்து, கோளாறு இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று சொல்ல வருகிறார்களே என்று கேட்டதற்கு, "அது பச்சையோ செவப்போ, இதுக்குப் பதிலாகாது" என்றாள். வெரசா போவதாம், யாருக்குத்தான் ஆசையில்லை, காய் எடுப்பு மும்முரத்தில் ஒரு நாள் வராமல் போனால் ஜீப்பில் உன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் கங்காணி காசிராஜனிடம் போய் நின்றாள், அவனும் சிலமலைக்காரன், ஒரே தெரு, அண்ணே, ஒரு நாள் லீவு குடுங்க, போடி ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள், அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, "அதான் கேம்ப்பு வருதுல்ல, படத்துல செவப்பு வந்தா நானே ஜீப்பு வச்சு அனுப்புறேன், பச்சை வந்தா சோலியப் பாரு" என்றான். என்ன சட்டம் இது, எந்த ஊர்ச் சட்டம், என் உடம்பில் என் கைக்குத் தெரிவதை நான் சொன்னால் பொய், கேமரா சொன்னால் மெய்யா?

போன வருடமும் இதே அறை, இதே ஜன்னல், தொட மாட்டோம், வலிக்காது என்றதும் எல்லோருக்கும் எவ்வளவு சந்தோஷம், காய் எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் திருவிழாவுக்குப் போவதுபோல் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், இவளை மதினி என்று கூப்பிடும் ரோஜா இவளுக்கு முன்னால் நின்றாள், வாசலில் மேசை போட்டு, கட்டி ஏதாவது தெரிகிறதா என்று ஒருத்தி கேட்டாள், ரோஜா இல்லை என்றாள், எப்படி ஆமாம் என்பாள், கங்காணி மேசைமேல் கை ஊன்றிக்கொண்டு நிற்கிறான், ஆண்பிள்ளை முன்னால் மாரைப் பற்றி எவள் வாயைத் திறப்பாள்? பச்சை வந்தது. அப்புறம் கட்டி பெருத்ததும் லீவு கேட்டாள், ஒனக்குத்தான் பச்சையாச்சே என்று திருப்பி அனுப்பினான், சீசன் முடிகிற வரைக்கும் சாக்கு சுமந்தாள்... இப்போது மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, போய்ப் பார்த்தபோது, "முன்னாடியே வந்திருக்கலாமேங்கறாங்க மதினி, நான் எங்க வர்றது" என்று சிரித்தாள். இன்றைக்கும் அதே மேசை, அதே கங்காணி, அதே கேள்வி, தானும் இல்லை என்றுதானே சொல்லிவிட்டு வந்தாள், சீ...

திரை விலகியது. அனுப்பிரியா ஒரு சின்னக் கருவியை நெற்றிக்கு நேராகக் காட்டிப் பார்த்தாள். "இன்னும் சூடா இருக்கே அக்கா. கோபமா இருக்கீங்களா? மனச லேசா வச்சுக்கோங்க." லேசாக வைப்பதாம், மனசென்ன பஞ்சா. ஆனால் சூடாகவே இருக்கட்டும் என்று தோன்றியது, சூடு இருந்தால் சிவப்பு விழும், சிவப்பு விழுந்தால் ஜீப்பு வரும், ஆத்தா காளியம்மா, சிவப்பு வரட்டும், தேய்த்துவிட்டால் சிவக்குமோ... கை தானாக இடது பக்கம் போனது. "தொடாதீங்கக்கா, படம் கெட்டுரும்." அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது, என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன் நான், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எனக்கு நோய் வா என்றா, அப்படி வேண்ட வைத்துவிட்டார்களே பாவிகள்.

"நீ தொட்டுப் பாரு" என்றாள். அந்தப் பெண் விழித்தாள். "நான் டாக்டர் இல்லக்கா, படம் மட்டும்தான் எடுப்பேன். கட்டி இருக்கா? இல்லைன்னுதான வெளிய சொன்னீங்க?"

"கங்காணி நிக்கிறான், எப்பிடிச் சொல்றது? பச்சை வந்தா ஆஸ்பத்திரிக்கு விட மாட்டேங்கிறான். போன வருசம் ரோஜாவையும் அப்பிடித்தான் விடல."

"பச்சைன்னா போக வேணாம்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லயே" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள், உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள், சந்திரவல்லி அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினாள், இத்தனை நாளில் அதன்மேல் படுகிற முதல் வேற்றுக் கை. விரல் தேடியது, நகர்ந்தது, நின்றது.

"படம் வேணாம்க்கா. ரவிக்கையப் போடுங்க. நாளைக்கே ஆஸ்பத்திரி போகணும்னு நான் எழுதித் தர்றேன், கங்காணிகிட்ட நானே சொல்றேன்."

அவ்வளவுதான், கேட்டது கிடைத்துவிட்டது, ஜெயித்தாயிற்று, பிறகு ஏன் கொக்கியை மாட்ட விரல் வரவில்லை? இவ்வளவு நேரம் ஆறாத உடம்பு இப்போது ஆறிவிட்டது, கோபம் எங்கே போயிற்று, அது இருந்தவரை இந்தப் பயம் எங்கே ஒளிந்திருந்தது... சிவப்பு வரட்டும் என்று வேண்டியவள், அந்தப் பெண் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.