நாச்சியம்மாள் மறைத்த குழந்தை

மேட்டுப்பாளையத்திலிருந்து சாராய வழக்கில் பிடிபட்டு வந்த நாச்சியம்மாள், கோவைச் சிறையின் பெண்கள் பகுதிக்குள் கால் வைத்ததும் வார்டர் விமலாராணியின் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். லத்தி இல்லை. அப்படியும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அது. விமலாராணிக்கு இந்தப் பார்வை பழகிப்போயிருந்தது. சினிமாவில் பெண் வார்டர் என்றாலே கட்டைக் குரல், வாய் நிறைய வெற்றிலை, கொண்டையைப் பிடித்து இழுக்கும் கை. துடியலூரில் அக்கம்பக்கத்தார்கூட, "ஏனுங்க, நீங்க நெசமாலுமே செயில்லயா வேல பாக்கறீங்க?" என்று கேட்பார்கள். அதே சிறையில் வார்டராக இருந்த அவள் கணவன் சின்னப்பராஜை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

"கொளந்தைங்க இருக்குதா அம்மணி?"

"இல்லீங்க. ஒண்ணுமில்லீங்க," என்றாள் நாச்சியம்மாள் அவசரமாக.

மறுநாள் அவள் சோற்றைத் தொடவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்த விமலாராணி, முந்தானைக்கு அடியில் ரவிக்கை நனைந்திருப்பதைக் கண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பால் கட்டியிருக்குது கண்ணு. கொளந்த எங்க?"

நாச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அத மட்டும் உட்டுருங்க. நாத்தனாகிட்டக் குடுத்துப்போட்டு வந்தேன். இங்க கொண்டாந்தா புடுங்கி வீசிப்போடுவீங்க. டாக்கீஸ்ல பாத்தேனுங்க, அந்த வார்டரம்மா அப்படித்தான் பண்ணுனா."

விமலாராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

"எவனோ எடுத்த படத்துக்கு நீ ஏங்கண்ணு புள்ளையப் பட்டினி போடறே? கைக்கொளந்தைய அம்மாகூட வெச்சுக்க இங்க எடமிருக்குது. நானும் ரண்டு பெத்தவதான்."

ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க நாச்சியம்மாள் விசும்பி அழுதாள். டாக்டர் வந்து மாத்திரை கொடுத்தார். குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பியும் நாத்தனார் வரவில்லை. அவளுக்கும் அதே பயம். விமலாராணி மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, லீவு நாளில் பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினாள்.

சிறையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும், நாத்தனார் வாசலில் வந்து நின்று தெருவின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தாள். "அந்த வார்டரம்மா வரலீங்களா?"

"நாந்தானுங்க அது."

நாத்தனார் அந்தப் பூப்போட்ட சேலையை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. அதை வாரியெடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

அன்று பால் குடித்த குழந்தை மார்பை விட்டு விலகவே இல்லை. நாச்சியம்மாளும் இரண்டு நாளைக்கு அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானாகவே விமலாராணியிடம் வந்தாள்.

"செத்த புடிங்கக்கா. தலைக்குத் தண்ணி வாத்துட்டு வாரேன்."

குழந்தையை அவள் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். காக்கிச் சேலையின் தோளில் எச்சில் வழிய, குழந்தை அங்கேயே தூங்கிப்போயிற்று.