நெஞ்சு காலியாக இருந்த ஒரு மணி நேரம்

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஆனால் ஒன்றரை வருடமாக வண்டியைத் தொடவில்லை. தலை வாரி முடிப்பதற்குள்ளேயே மூச்சு முட்டியது. மாற்று இதயம் கிடைத்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும், தையல்காரக் கணவன் ஒரு கை மட்டும் தைத்த சட்டையைத் தோளில் போட்டபடியே ஓடிவந்தான்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள். நீலம் பாரித்திருந்த கால் நகமெல்லாம் இப்போது ரோஜா நிறம்! மூச்சு வாங்காமல் பேச முடிந்ததால், அவள் வாய் ஓயவே இல்லை.

"ஏங்க, பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கிற வரைக்கும் என் நெஞ்சுல ஒண்ணுமே இல்லையாமே!"

"ஆமா, ஒரு மணி நேரம் இதயமே இல்லாதவளா இருந்தே. எனக்குத்தான் வித்தியாசமே தெரியல."

நெஞ்சுத் தையல் வலிக்க, தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"டாக்டர், அப்போ நான் செத்துப் பிழைச்சவளா?"

"இல்லம்மா. மெஷின் ரத்தத்தை ஓட்டிச்சு. மூளை உயிரோட இருந்துச்சு. நீங்க எங்கயும் போகல."

"இதைக் கொடுத்தவரு? அவருக்கு இது துடிச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கும்?"

"துடிச்சுது. உடம்பும் சூடாத்தான் இருந்துச்சு. இதயம் மூளையைக் கேட்டுத் துடிக்கிறதில்ல. மெஷின் மூச்சைக் கொடுத்தா, கொஞ்ச காலம் அதுபாட்டுக்கு ஓடும். ஆனா அவர் மூளை முழுசா செத்துப்போச்சு. வேற டாக்டருங்க ரெண்டு தடவை சோதிச்சாங்க. தானா ஒரு மூச்சுகூட வரல. அவர் இறந்துட்டாரும்மா."

"கோமா மாதிரின்னு நினைச்சேன்."

"கோமாவுல இருக்கறவங்க உயிரோட இருக்காங்க. கண் முழிக்கவும் முழிக்கலாம். இதுல திரும்பி வர்றதுங்கறதே கிடையாது."

"சூடா இருக்கிற கையைப் பிடிச்சுக்கிட்டு இதயத்தை எடுத்துக்க அவர் வீட்டுல எப்படித்தான் சரின்னு சொன்னாங்களோ" என்றாள் அவள். கணவன் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

மறுநாள் பயிற்சி கொடுக்கும் பெண் அவளையும் கணவனையும் மாடிப்படிக்கு அழைத்துப்போனாள். "நரம்பெல்லாம் வெட்டி வெச்ச இதயம். வேகமா ஓடுங்கற சேதி ரத்தம் வழியாத்தான் போகணும்; அதனால நீங்க ஏறினது அதுக்கு லேட்டாத்தான் தெரியும்."

பன்னிரண்டு படி. மேலே நின்றபோது நெஞ்சு ஒன்றும் தெரியாததுபோல் நிதானமாக இருந்தது. பிறகு திடீரென்று தடதடவென்று வேகம் பிடித்தது.

"வந்துடுச்சு! இப்பத்தான் வருது!" என்று கூவி, கணவனின் கையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "அவங்க வீட்டுக்கு எழுதணுங்க. நல்லா ஓடுதுன்னு."

"ஏதோ செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கின மாதிரி எழுதாதே" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னிக்கு இது போதும்" என்றாள் பயிற்சிப் பெண். அதற்குள் வேன்காரி அடுத்த மாடிக்கான படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.