தாய்வீட்டுக் கோடி

தங்கச்சி வள்ளியம்மாள் செத்துப்போன சேதி வந்தபோது குழந்தைவேலுக்கு அழுகை வரவில்லை. எழுந்து கரியமாணிக்கம் கடைக்குப் போய் ஒரு மஞ்சள் புடவை எடுத்தார். ஆயுசில் பேரம் பேசாமல் அவர் வாங்கிய சாமான் அது ஒன்றுதான். கடைக்காரர் பயந்துபோய்த் தானாகவே விலையைக் குறைத்தார்.

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பாகூரும் பிரெஞ்சுக்காரன் ஊர்தான், ஆனால் போகும் வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை. சுங்கச் சாவடிக்காரன் மூட்டையைப் பிரித்து, புதுத்துணி யாருக்கு என்று கேட்டான். தங்கச்சிக்குக் கோடி என்றார். தங்கச்சி என்று அவர் வாயால் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவன் மறுபேச்சில்லாமல் மடித்துக் கொடுத்தான்.

முன்பு ஒருமுறை தங்கச்சி மகள் கஸ்தூரியைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். குடிகாரனுக்குப் பெண் தரமாட்டேன் என்று வள்ளியம்மாள் வேறிடத்தில் முடித்துவிட்டாள். தாய்மாமன் சீரோடு வரவேண்டிய மனிதர், கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்து ஒரு புதுப்புடவையை அவள் காலடியில் வீசினார்.

"எனுக்கு நீ செத்துட்ட. இந்தா உன் கோடி."

எப்பேர்ப்பட்ட வீம்புக்காரனுக்கும் கை கூசும், இவருக்குக் கூசவில்லை. பிறகு மகன் சாராயத்திலேயே போய்ச்சேர்ந்தான். அவள் சொன்னதுதான் சரி என்று இவருக்குத் தெரியும். போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இன்றைக்குத் தன் கையால் அவளுக்குப் போர்த்திவிட்டால் போதும். பிறந்த வீட்டுக் கோடி வராமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே தைரியம்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் வள்ளியம்மாளைப் பாடையில் ஏற்றியிருந்தார்கள். மேலே ஒரு கோடி கிடந்தது. கட்டாத புடவைதான், ஆனால் மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

கையிலிருந்ததை நீட்டினார். கஸ்தூரி வாங்கவில்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"உங்க கோடி அன்னிக்கே வந்துட்ச்சி மாமா. அம்மா பொட்டியில வச்சினு இருந்திச்சி. எங்கண்ணன் போட்டாச்சி, யாருக்காகவும் காத்துனு இருக்காதீங்கன்னு சொல்லிட்டுதான் போச்சி."

பாடையைத் தூக்கினார்கள். ஊரோடு அவரும் நடந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை.

திரும்பும்போது சாவடிக்காரன் மறுபடி மூட்டையைப் பிரித்தான். மஞ்சள் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இன்னா பெரியவரே, போடலியா?"

குழந்தைவேல் புடவையை வாங்கி மூட்டையில் வைத்துக் கட்டினார்.

"முன்னியே போட்டுட்டேன்பா."