மேய்ப்பனின் வீட்டுக்காரி

"இருங்கண்ணா, ஆடு எங்கேருந்து வந்துச்சு?"

சமையலறையில் நின்றபடி இரங்கற்பாவை வாசித்துக்கொண்டிருந்த கவிஞர் நிறுத்தினார். அடுத்த அறையில், கேட்டவளின் கணவர் கிடந்தார். நேற்று மதியத் தூக்கத்திலேயே போனவர். வண்டி வர அரைமணி நேரம் இருந்தது. மயானத்தில் வாசிக்கும் முன் அவளிடம் ஒருமுறை படித்துக்காட்ட வந்திருந்தார், இறந்தவரின் நண்பரான கவிஞர்.

"இந்த மாதிரிப் பாட்டுல அப்படித்தான் தங்கச்சி. செத்துப்போன நண்பன்தான் மேய்ப்பன். ஆறு அழும், ஆடு மேயாம நிக்கும்."

"முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணின மனுஷன். அவருக்குத் தெரிஞ்ச ஆடெல்லாம் தட்டுல வந்த ஆடுதான்."

"அவனுக்குப் பிடிச்சிருந்துச்சே."

"எது?"

கவிஞர் தலையைச் சொறிந்தார். "பன்னெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுல ஆபரேஷன் பண்ணாங்களே, அப்போ பொழைக்க மாட்டான்னு அவசரப்பட்டு எழுதிட்டேன். பொழைச்சு வந்து, 'காட்டுடா'ன்னு பிடுங்கிட்டான். திருத்தம் வேற போட்டான்."

அவள் தாளை வாங்கினாள். ஓரமெல்லாம் பென்சிலில் கணவருடைய குண்டு எழுத்து. புல்லாங்குழலை அடித்துவிட்டு, 'எனக்கு ஏதுடா மூச்சு?' நாற்பது ஆடுகளுக்குப் பக்கத்தில், 'பத்து போதும். யார் பார்த்துக்கிறது?'

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசி வரி: தனியே மேய்த்தான், தனியே போனான். அதன் கீழே அழுத்தமாக இரண்டு கோடு. 'டேய், என் பொண்டாட்டி எங்கே?'

"இதை மட்டும் ஏன் மாத்தலை?"

"எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். வர மாட்டேங்குது. நீ வந்தா சோகம் கெட்டுப்போகுது."

"அவர் போட்ட திருத்தத்தைச் செய்யாம விட நீங்க யாரு? தனியே போனான்னு அங்கே படிச்சீங்க, நான் வரவே மாட்டேன், சொல்லிட்டேன்."

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. கவிஞர் அவசரமாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"சரி சொல்லு. நீ எங்கே நிக்கிறே?"

அவள் யோசித்தாள். "ஆட்டுக்குப் பின்னாடி வேணாம். புழுக்கையை மிதிக்கணும்."

"முன்னாடி?"

"முன்னாடி போனா, 'என்ன அவசரம்'னு கத்துவாரு. பக்கத்துல போடுங்க. சண்டை போட்டுக்கிட்டே நடக்கிறோம்னு எழுதுங்க."

"இரங்கற்பாவுல சண்டையா?"

"எழுதுங்கண்ணா."

அவர் மேசைமேல் குனிந்தார். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பிக்கொண்டே இருந்தது. அவர் எழுதி முடிக்கும் வரை, அவள் இரு உள்ளங்கைகளாலும் அதன் ஓரங்களை அழுத்திப் பிடித்திருந்தாள்.